பச்சரிசி ஓடும்போது புழுங்கல் எப்படி வந்தது?

பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதிக் கதையில் இறங்குவது எனக்குப் பிடிக்காது. மீதிக் கதைக்காக ஒருமுறை அம்மாப்பேட்டையில் இறங்க வேண்டியவள் நீடாமங்கலம் வரை போயிருக்கிறேன். "எல்லாத்துலயும் மூக்க நுழைக்காட்டி உனக்குச் சோறு இறங்காதாடி?" என்று அம்மா கேட்பார். இறங்காதுதான். ஆனால் இன்றைக்கு எனக்குச் சோறு போடுவதும் அந்த மூக்குதான் என்று நான் பதில் சொல்வேன்.

தஞ்சாவூரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஐந்து பேர். அரிசி ஆலைகளில் இருக்கும் கலர் சார்ட்டர் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கடையில் நீங்கள் வாங்கும் அரிசியில் கருப்பு மணி இல்லையென்றால் அது இந்த இயந்திரத்தின் வேலை. மேலிருந்து அரிசி சரிந்து விழும். விழும்போதே கேமரா பார்க்கும். கருப்போ, பழுப்போ, கல்லோ இருந்தால் சின்னக் குழாய் ஒன்று காற்றை ஊதி அந்த ஒரு மணியை மட்டும் பக்கவாட்டில் தள்ளிவிடும். கண் சிமிட்டுவதற்குள் இத்தனையும் நடந்துவிடும். முதன்முதலில் பார்த்த நாளில் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒரு மணியை ஏன் தள்ளினாய் என்று இயந்திரத்தைக் கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும் என்பது என்னுடைய ஆசை. யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாகத்தான் இழுத்து விட்டுக்கொண்டேன். எங்கள் நிரலில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்ன வேலையைச் செய்யும் நிரல் துண்டு, இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். கூப்பிடும் ஒவ்வொரு முறையும், "வேலை முடிந்ததும் இந்த இடத்துக்குத் திரும்பு" என்று ஒரு குறிப்பு நினைவகத்தில் ஏறும். குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் அந்த அடுக்குக்கு ஸ்டாக் என்று பெயர். மேலிருந்து ஒவ்வொரு குறிப்பாக எடுத்துப் பார்த்தால் வந்த வழி தெரிந்துவிடும். இப்படிப் பின்னோக்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு லைப்ரரி, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தயார் நிரல், உண்டு. எனக்காகவே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஒரு மணியைத் தள்ளும்போதும், நிரலே மண்டையைப் போடும்போதும், அது வந்த வழியை எழுதி வைக்கும்படி செய்தேன்.

இதில் ஒரு சிக்கல். குறிப்புகள் மட்டும் வரிசையாக இருக்காது. நடுவே வேறு கணக்குகளும் கிடக்கும். பழைய வேலைகளின் மிச்சம்கூடத் துடைக்கப்படாமல் கிடக்கும். அடுத்த குறிப்பு எத்தனை படி கீழே இருக்கிறது என்பது ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறும். அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. லைப்ரரி ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைப் புரட்டினால் நேரம் ஆகும். நாங்கள் அப்படி ஓட்டியபோது காற்று தாமதமாக ஊதியது. கருப்பு மணி ஜம்மென்று நல்ல அரிசியோடு போனது, நல்ல மணி வெளியே பறந்தது.

அதனால் லைப்ரரிக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் வசதி கொடுத்திருக்கிறார்கள். கேஷ் என்று சொல்வோம். ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிட்டால் அடுத்த முறைக்கு மனப்பாடம். இதில் மூன்று விதம். ஞாபகமே வேண்டாம், ஒவ்வொரு முறையும் புரட்டு என்று சொல்லலாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஞாபகம் என்று சொல்லலாம். ஆளுக்கு ஆள் தனி ஞாபகம் என்றும் சொல்லலாம். எங்கள் இயந்திரத்தில் நான்கு கேமரா, நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். பொது ஞாபகம் வைத்தபோது ஒன்று பார்த்து முடிக்கும்வரை மற்ற மூன்றும் காத்து நின்றன. தனித்தனியாகக் கொடுத்தேன். அடடா, அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முதலாளி என் மேசைக்கே வந்து, "நீ பெரிய ஆளும்மா" என்றார். இரண்டு நாள் என் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்து நன்னிலத்து ஆலையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. புழுங்கலிலிருந்து பச்சரிசிக்கு மாற்றும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது, கேமரா சூடேறுவதற்குள் உயிர் போகிறது என்றார்கள். சரி, நிறுத்தாமலே மாற்றித் தருகிறேன் என்றேன். புழுங்கலுக்கான பகுதியை ஓட்டத்திலேயே கழற்றி, அந்த இடத்தில் பச்சரிசிக்கான பகுதியை ஏற்றுவது. ஒரே வாரத்தில் செய்து முடித்தேன். அலுவலகத்தில் சோதித்தும் பார்த்தேன். அங்கிருக்கும் சின்ன இயந்திரத்தில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றை மறுபடி மறுபடி கொட்டிச் சோதிப்போம். அது புழுங்கல். எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் புழுங்கல்தான் வேகிறது, வேறு மூட்டை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அரிசியை மாற்றாமல் பொத்தானை மட்டும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுப் பெண் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரை. அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி சேர்த்திருந்தார். மதியம் நான் டப்பாவைத் திறந்தால் எட்டிப் பார்ப்பாள். "அக்கா, இதுக்குப் பேரு மீனா? ஐஸ்ல ஒரு வாரம் கெடந்துட்டு வந்திருக்கு. பாவம், அதுக்கே அது மீனுங்கிறது மறந்திருக்கும்." அப்படிச் சொல்லிவிட்டு அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு துண்டை என் தட்டில் வைப்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, புழுங்கலில் கருப்பைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன். ஊறல் அதிகமாகிப் பழுப்பான மணியையும் உண்மையான கருப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்தாள். அதையும் நான் கொண்டுவந்த மாற்றத்தையும் சேர்த்து ஒரே நாளில் நன்னிலத்துக்கு அனுப்பினோம். அடுத்த வாரத்திலிருந்து இயந்திரம் விழ ஆரம்பித்தது. திடீரென்று நின்றுவிடும். நிற்கும் முன் வந்த வழியை எழுதிவைக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வழியில் அவளுடைய ஃபங்ஷன் பெயர் இருந்தது.

"நான் எழுதுனதுல தப்பு இல்லக்கா. எத்தன தடவ பாத்துட்டேன்."

"மெஷினே சொல்லுதேம்மா. அது என்ன உன் மேல கோவமா இருக்கு?" என்றேன்.

எனக்கே சிரிப்பாக இருந்தது அந்தப் பதில். அவள் சிரிக்கவில்லை. மாற்றி எழுதினாள். மறுபடி விழுந்தது. மறுபடி மாற்றினாள். மார்கழி பாதி தாண்டியதும் நன்னிலத்திலிருந்து தினமும் போன் வர ஆரம்பித்தது. நான்காவது தடவை எழுதி முடித்த அன்று அவள் தன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"வேல போச்சுன்னா ஊருக்குத்தான்க்கா போகணும். இந்தத் தடவ போனா திரும்ப அனுப்ப மாட்டாங்க. எங்க தெருவுலயே கம்ப்யூட்டர் வேலைக்கி வந்தவ நான் ஒருத்திதான். இவள்லாம் எங்க உருப்படப் போறான்னு காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும், "கவனமா எழுதும்மா" என்றுதான் சொன்னேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சனிக்கிழம முடிவு பண்ணிடுவோம்மா. ஆலக்காரரு என்னையப் புடிச்சு உலுக்குறாரு. நீ ஒரு தடவ நேர்ல போயி பாத்துட்டு வந்துடு. அந்தப் பொண்ணுதான்னு உறுதியாயிடுச்சுன்னா அனுப்பிச்சுடலாம்."

வியாழக்கிழமை காலை நன்னிலம் போனேன். வழியெல்லாம் சம்பா கதிர் சாய்ந்து நின்றது, சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. ஆலையில் சார்ட்டரை ஓட்டுகிறவர் ஐம்பது வயதுக்காரர். தலையிலிருந்து கால்வரை தவிட்டுத் தூசி. என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. டாக்டரு வந்தாச்சு. பேஷண்டு காலைல ரெண்டு தடவ படுத்து எந்திரிச்சான்" என்றார்.

பொங்கல் நேரம் என்பதால் கூலி அரவை நடந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லையே கொண்டுவந்து, தங்கள் அரிசியைத் தாங்களே வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர் அரிசி இன்னொருவரோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் மூட்டை பக்கத்திலேயே காவல் நின்றார்கள். ஒரு அம்மா இயந்திரத்தின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் காற்றுச் சத்தம் சட்டென்று நின்றது.

வந்த வழியைத் திறந்து பார்த்தேன். அதே பெயர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாலு தடவ எழுதியும் இப்படியா? மறுபடியும் புழுங்கல்ல கருப்பு பாக்குற எடத்துலதான் விழுந்திருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எந்தப் புழுங்கல்ல?" என்றார் அவர்.

"இப்ப ஓடுனதுலதாண்ணே."

அவர் சரிவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. இது பச்சரிசி. புழுங்கல் காலைலயே ஓடி முடிஞ்சிருச்சு."

வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், மறுபடி கையைப் பார்த்தேன். பச்சரிசி ஓடும்போது அவளுடைய ஃபங்ஷனை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிடாத ஒன்று வந்த வழியில் எப்படி இருக்கும்? பயம் கொஞ்சம், ஆர்வம் அதைவிட அதிகம். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடத்தில் எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை. இது எப்படி, இது எப்படி என்ற ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

"ஒரு நாளைக்கி எத்தன தடவண்ணே மாத்துறீங்க?"

"இந்த நேரத்துல அதுக்கு ஏதும்மா கணக்கு? ஒருத்தரு பச்சரிசிம்பாரு, அடுத்தவரு புழுங்கல்ம்பாரு. பொத்தான மாத்தி மாத்தி அமுக்கி வெரலே தேஞ்சு போச்சு."

ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தேன். புழுங்கல் பகுதியைக் கழற்றுகிறோம். அது இருந்த இடம் காலியாகிறது. பச்சரிசிப் பகுதி வந்து அதே இடத்தில், அதே முகவரியில் உட்காருகிறது. லைப்ரரிக்கு இது தெரியுமா? யார் சொன்னார்கள் அதற்கு? இந்த முகவரியிலிருந்து இத்தனை படி இறங்கினால் அடுத்த குறிப்பு கிடைக்கும் என்று அது காலையில் மனப்பாடம் செய்ததையே இப்போதும் ஒப்பிக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பெயருக்கு வந்த பத்திரிகையைப் புதுக் குடித்தனக்காரர் கையில் கொடுப்பது போலத்தான். தப்பான படியில் இறங்கிப் பார்க்கிறது. அங்கே காலையில் ஓடிய புழுங்கலின் மிச்சக் குறிப்பு ஒன்று துடைக்கப்படாமல் கிடக்கிறது. அதில் அவள் பெயர்.

முன்பெல்லாம் அரிசி மாற்றும்போது இயந்திரத்தையே நிறுத்துவார்கள், ஞாபகமும் கூடவே அழிந்துவிடும். நிறுத்தாமல் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது நான். மாற்றும்போது பழைய ஞாபகத்தைத் துடைத்துவிடு என்று லைப்ரரிக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். அதை எழுதாமல் விட்டதும் நான்.

அப்படியானால் உண்மையில் விழுவது எங்கே? ஞாபகமே வேண்டாம், ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புரட்டு என்று மாற்றி அமைத்தேன். வேகம் குறையும், பரவாயில்லை.

"அண்ணே, அதே அரிசிய இன்னொரு தடவ கொட்டுங்க. மறுபடி விழணும்."

"ஓட்டித் தர வந்தீங்களா, விழ வெக்க வந்தீங்களா?"

காவல் நின்ற அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க வெளையாட்டுக்கு எங்க அரிசிதான் கெடச்சிச்சா?"

"ஒரே தடவதாங்கம்மா. ஒரு பொண்ணோட வேல இதுல இருக்கு" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அவள் முகம் கண்முன் வந்தது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கொட்டச் சொல்லு. ஒரு மணி கொறையக் கூடாது."

விழுந்தது. இம்முறை வந்த வழி வேறு. பச்சரிசிப் பகுதியில் ஒரு வரி. வெள்ளை மணிகளின் எண்ணிக்கையை மஞ்சள் மணிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. மஞ்சள் ஒன்றுகூட இல்லையென்றால் சுழியால் வகுக்க வேண்டும், நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். நிறுத்தாமல் மாற்றும் வேலையோடு சேர்த்து அந்த வரியை எழுதியதும் நானேதான். எங்கள் சோதனை மூட்டை புழுங்கல், அதில் மஞ்சள் இல்லாமல் போகாது, அதனால் அலுவலகத்தில் விழவே இல்லை.

"ஏங்கம்மா, ஒங்க அரிசியில மஞ்சளே இல்லியே" என்றேன்.

"எங்க நெல்லுல மஞ்சளுக்கு என்ன வேல?" என்றார் அவர், பெருமையாக.

இரண்டு இடத்தையும் அங்கேயே சரி செய்தேன். துடைக்கும் வரியைச் சேர்த்துவிட்டு, தனித்தனி ஞாபகத்தைத் திரும்பக் கொடுத்தேன். சாயங்காலம் வரை ஆறேழு தடவை மாற்றி ஓட்டினார்கள், ஒருமுறைகூட விழவில்லை. தஞ்சாவூர் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி போனில் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக எனக்கு அதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சரியாகிவிட்டது என்று மட்டும் முதலாளியிடம் சொன்னால் போதுமே என்று தோன்றியது. யாரும் எப்படி என்று கேட்கப்போவதில்லை. கேட்கிற ஆள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். ஆனால் அப்படிச் சொன்னால், அவள் எழுதியதை அக்கா போய்ச் சரி செய்துவிட்டு வந்தாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் அவளை நேராகப் பார்க்காமலே ஓட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அவள் பையை மடியிலேயே வைத்திருந்தாள். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், அது அவ தப்பு இல்ல. ரெண்டு தப்பு, ரெண்டும் என்னுது." எல்லாவற்றையும் சொன்னேன். ஞாபகம், முகவரி, துடைக்காத மிச்சம், சுழி. பாதி அவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

"அப்ப ரெண்டரை மாசமா இந்தப் பொண்ணப் போட்டு வறுத்தெடுத்தமே, அது?" என்றார்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நீ இரும்மா. எங்கயும் போக வேணாம்" என்றார் அவளிடம். அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட்டாளா என்று முகத்தைத் தேடினேன், தெரியவில்லை. வெளியே வந்ததும் அவள் நேராகத் தன் மேசைக்குப் போனாள். "அக்கா, ஒரு நிமிஷம்."

தன் ஃபங்ஷனின் பழைய பதிவுகளைத் திறந்து பின்னால் பின்னால் போனாள். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது. கடைசியில், சேர்ந்த மூன்றாம் நாள் எழுதிய முதலாவது வந்தது.

"அப்ப இது சரியாத்தான் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சும்மா."

"அடுத்த மூணும் இதவிட மோசம்க்கா. பயந்து பயந்து எழுதுனது." திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள். இயந்திரம் முதல் தடவை விழுந்த அன்று நான் போட்ட குறிப்பு அங்கே இருந்தது. "சரியில்லை. மாற்றி எழுதவும்." கீழே என் பெயர்.

"இத எழுதுறப்ப நீங்க படிச்சுப் பாத்தீங்களாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் கேட்பது மாதிரியே.

"இல்லம்மா. படிக்கல" என்றேன்.

அவள் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். உட்கார்ந்து படித்தேன். மொத்தம் பதினெட்டு வரி. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நான் எழுதியிருந்தால் நாற்பது வரி ஆகியிருக்கும்.